குருக்களின் மணத்துறவு: சட்டம் ஒன்று, பொருள் வேறு

நண்பர் ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். முதல் திருத்தந்தையாகக் (போப்பாகக்) கருதப்படும் பேதுருவே மணமானவராக இருந்தபோது, கத்தோலிக்கக் குருக்கள் ஏன் மணமுடிப்பதில்லை? திருச்சபையின் நிலபுலன்கள் குருக்களின் பிள்ளைகளுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொண்டுவந்த சட்டம்தானே இது? அப்படியானால் இன்று அதை எடுத்துவிட்டால் என்ன? மூன்றும் நியாயமான கேள்விகள். முதலாவதில் உண்மை இருக்கிறது. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. மூன்றாவதற்கு விடை சொல்ல, முதல் இரண்டையும் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

குருக்களின் மணத்துறவு கத்தோலிக்கத் திருச்சபையில் நம்பிக்கைக் கோட்பாடு அன்று. அது ஓர் ஒழுங்குமுறை. கோட்பாட்டைத் திருத்தந்தையாலும் மாற்ற இயலாது. ஒழுங்குமுறையை மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ‘வெறும் ஒழுங்குமுறைதானே’ என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. சட்டம் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, விண்ணரசுக்காக மணம் துறத்தல் என்ற எண்ணம் கிறிஸ்தவத்தில் வேர்விட்டுவிட்டது. சட்டத்தின் வரலாற்றையே பொருளின் வரலாறாக எடுத்துக்கொள்பவர், சட்டம் பிறந்த காலத்துச் சேற்றைக் காட்டி, அதற்குள் பொருளே கிடையாது என்று முடித்துவிடுகிறார். பொருளின் அழகில் மயங்கியவரோ சட்டத்தின் வரலாற்றில் சேறே இல்லை என்று சாதிக்கிறார். என் பார்வையில் இரண்டுமே பிழை.

சொற்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் தமிழில் குழப்பத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. ‘மணத்துறவு’ என்றால் மணம் செய்யாதிருத்தல். ‘புலனடக்கம்’ என்றால் பாலுறவைத் தவிர்த்தல். மணமானவரும் அதை மேற்கொள்ளலாம். ‘கற்பு’ என்பது இரண்டையும்விட விரிந்தது. அவரவர் வாழ்க்கை நிலைக்கு ஏற்ற பாலியல் ஒழுக்கம் அது, கணவன் மனைவிக்கும் உரியது. துறவற சபைகளைச் சேர்ந்தோர் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகளை, அதாவது கடவுளுக்கு அளிக்கும் உறுதிமொழிகளை, கொடுக்கின்றனர். மறைமாவட்டக் குரு, அதாவது துறவற சபையைச் சேராமல் ஓர் ஆயரின் (பிஷப்பின்) கீழ்ப் பணிசெய்பவர், வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. குருவாவதற்கு முந்தைய படியான திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்படும் (அப்பட்டம் பெறும்) நாளில் மணத்துறவை ஏற்பதாக வாக்களிக்கிறார், தம் ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும் உறுதியளிக்கிறார். அவர் சொந்தமாகப் பணம் வைத்திருக்கலாம், பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டுக்கு உரிமையாளராக இருக்கலாம். ‘துறவு’ என்ற சொல்லைக் கேட்டதும் உலகையே உதறிவிட்டுக் காடேகும் முனிவர்தான் நம் மனக்கண்முன் வருகிறார். ஆனால் பங்குக் குரு உலகை உதறியவர் அல்லர். உலகின் நடுவில், ஊர்மக்களின் திருமணம், சாவு, சண்டை, சமரசம் எல்லாவற்றிலும் புழங்குபவர். இல்லறம், துறவறம் என்ற நம் பழைய இருவகைப் பிரிவில் அவர் எதிலும் முழுமையாக அடங்கமாட்டார்.

இனி விவிலியம். பேதுருவுக்கு மனைவி இருந்ததில் ஐயமில்லை. அவருடைய மாமியார் காய்ச்சலாய்க் கிடந்ததையும் இயேசு அவரை நலமாக்கியதையும் மாற்கு முதல் அதிகாரத்திலேயே சொல்கிறார். மற்றத் திருத்தூதர்களும் கேபாவும் (பேதுருவின் மற்றொரு பெயர்) செய்வதுபோல, நம்பிக்கை கொண்ட மனைவியைப் பயணங்களில் அழைத்துச்செல்லத் தமக்கும் உரிமை இல்லையா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் கேட்கிறார். சபைக் கண்காணிப்பாளர் ஒரு மனைவி கொண்டவராக இருக்கவேண்டும் என்று திமொத்தேயுவுக்கான முதல் திருமுகம் கூறுகிறது. ஆகவே, தொடக்கத்தில் திருப்பணியாளர்கள் மணமானவர்களாக இருந்தனர் என்பதை மறைக்கவோ மழுப்பவோ எவருக்கும் தேவையில்லை.

ஆனால் அதே புதிய ஏற்பாட்டில் வேறொரு குரலும் கேட்கிறது. மத்தேயு 19ஆம் அதிகாரத்தில், விண்ணரசின் பொருட்டு மணவாழ்வைத் தாங்களாகவே விட்டுவிடுவோரைப் பற்றி இயேசு பேசுகிறார். ஏற்றுக்கொள்ளக் கூடியவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்று முடிக்கிறார். பிள்ளைப்பேறே கடவுளின் ஆசி, வம்சம் அறுந்துபோவது சாபம் என்று வாழ்ந்த ஒரு சமூகத்தில் இந்தப் பேச்சு எவ்வளவு திகைப்பூட்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, மணமாகாதவர் ஆண்டவருக்கு உரியவற்றில் கவலை கொள்கிறார், மணமானவரோ மனைவியை மகிழ்விக்கவும் வேண்டியிருப்பதால் பிளவுபட்ட மனத்தினர் ஆகிறார் என்கிறார். உடனே ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறார்: இது ஆண்டவரின் கட்டளை அன்று, தம் கருத்து; ஒவ்வொருவருக்கும் கடவுள் தரும் கொடை வேறு. கொடை என்ற சொல்லும் கட்டளை அன்று என்ற தெளிவும் அந்த ஒரே அதிகாரத்தில் அருகருகே நிற்கின்றன. பின்வந்த இரண்டாயிரம் ஆண்டு விவாதம் முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான் என்று சொன்னால் மிகையாகாது.

முதல் சில நூற்றாண்டுகளில் மணமான ஆயர்களும் குருக்களும் திருத்தொண்டர்களும் ஏராளம். அயர்லாந்தின் புனித பேட்ரிக், தம் தந்தை திருத்தொண்டர் என்றும் பாட்டனார் குரு என்றும் தாமே எழுதி வைத்திருக்கிறார். நாசியான்சு நகர் கிரகோரியின் தந்தையும் ஆயரே. ஆறாம் நூற்றாண்டில் திருத்தந்தையான சில்வேரியுசு, அவருக்குச் சில ஆண்டுகள் முன் திருத்தந்தையாக இருந்த ஒர்மிசுதாசின் மகன். ஆனால் நான்காம் நூற்றாண்டிலிருந்து மேற்கில் ஒரு புதிய கோரிக்கை எழுத்து வடிவம் பெறுகிறது. இசுபெயினில் 305ஆம் ஆண்டையொட்டிக் கூடிய எல்விரா சங்கத்தின் (ஆயர்கள் கூடி விதிகள் வகுக்கும் பேரவை) 33ஆவது விதி, ஆயர்களும் குருக்களும் திருத்தொண்டர்களும் தம் மனைவியரோடு உறவு கொள்ளாமலும் பிள்ளை பெறாமலும் இருக்கவேண்டும் என்று பணிக்கிறது. (அச்சங்கத்தின் விதிகள் சில பிற்காலத்தவை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.) இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த விதி மணமாகாதவரை மட்டுமே குருவாக்குங்கள் என்று சொல்லவில்லை. மணமான குரு மனைவியோடு புலனடக்கத்தில் வாழவேண்டும் என்றே சொல்கிறது. மேற்கத்திய மணத்துறவின் விதை மணத்தடை அன்று, புலனடக்கம். 385இல் திருத்தந்தை சிரீசியுசு இசுபெயினின் தரகோனா ஆயர் இமேரியுசுக்கு எழுதிய மடலும், 390இல் கூடிய கார்த்தேசுச் சங்கமும் இதையே வலியுறுத்தின.

ஏன்? சிரீசியுசின் வாதம் இப்படிப் போகிறது: பழைய உடன்படிக்கையின் குருக்கள் முறைவைத்துக் கோவிலில் பணி செய்தனர், தம் முறையின்போது மனைவியரை விட்டு விலகியிருந்தனர், முறை முடிந்ததும் வீடு திரும்பினர். புதிய உடன்படிக்கையின் குருவோ நாள்தோறும் பலி ஒப்புக்கொடுக்கிறவர். அவருக்கு முறை முடியும் நாளே கிடையாது. ஆகவே விலகலும் நிரந்தரம். இந்த வாதத்தின் உள்ளே, உடலுறவு வழிபாட்டுக்கு இழுக்கு என்ற பழைய தீட்டுக் கருத்து ஒளிந்திருக்கிறது. அதை நான் மூடிமறைக்க விரும்பவில்லை. திருமணத்தை அருள்சாதனம் (கடவுளருள் தரும் புனிதச் சடங்கு) என்று போற்றும் ஒரு திருச்சபை, அந்த அருள்சாதனத்தின் இயல்பான செயலைத் தீட்டு என்று கருதுவது தன்னைத்தானே மறுப்பதாகும். மணத்துறவுக்குச் சொல்லப்பட்ட காரணங்களிலேயே மிகவும் வலுக்குறைந்தது இதுதான். பிற்காலப் போதனை இதைக் கைவிட்டது சரியே.

கிழக்கில் நிலைமை வேறாக இருந்தது. 325இல் நிசேயா பொதுச்சங்கத்தின் மூன்றாவது விதி, திருப்பணியாளர் வீட்டில் தாய், உடன்பிறந்தாள், அத்தை, ஐயத்துக்கு இடமில்லாதோர் தவிர வேறு பெண்கள் தங்கக்கூடாது என்று மட்டுமே கூறியது. மனைவியரை விலக்கும் விதி எதையும் இயற்றவில்லை. இன்னும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து வட ஆப்பிரிக்காவின் சிரேனே நகரத்துச் சினேசியுசின் கதை நடக்கிறது. மெய்யியலாளரான அவரைத் தொலெமாயிசு நகர மக்கள் ஆயராக்க விரும்பினர். அவர் தம் சகோதரருக்கு எழுதிய மடல் இன்றும் நம் கையில் இருக்கிறது. கடவுளும் சட்டமும், தம்மை மணமுடித்து வைத்த அலெக்சாந்திரியா ஆயர் தெயோபிலின் கையும் தமக்கு மனைவியைத் தந்திருக்க, அவளை விட்டுப் பிரியவும் மாட்டேன், கள்ளக் காதலன்போல் அவளிடம் ஒளிந்து செல்லவும் மாட்டேன், எனக்கு நிறையப் பிள்ளைகள் வேண்டும் என்று எழுதுகிறார். இதை எல்லோரும் அறியட்டும், அறிந்த பிறகு முடிவெடுக்கட்டும் என்பது அவர் நிலை. அதன் பின்னும் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சட்டங்களின் பட்டியலை மட்டும் படிக்கிறவருக்கு இத்தகைய ஒரு மனிதர், தம் மனைவியின் மானம் காத்து நின்ற ஒருவர், கண்ணில் படவே மாட்டார்.

691–692இல் கொன்சுதாந்திநோபிளில் கூடிய துருல்லோ சங்கம் கிழக்கின் மரபை உறுதிசெய்தது. மணமானவர் குருவாகலாம், தம் மனைவியோடு வாழலாம். குருவான பிறகு மணமுடிக்கக் கூடாது. ஆயர் மட்டும் மனைவியோடு வாழக் கூடாது. உரோமையின் வழக்கம் இதனின்று மாறுபட்டது என்பதையும் அச்சங்கம் வெளிப்படையாகவே குறிப்பிட்டது. இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பல வீண்வாதங்கள் குறையும். ‘மணமானவர் குருவாகலாமா?’ என்பது ஒரு கேள்வி, ‘குரு மணமுடிக்கலாமா?’ என்பது வேறு கேள்வி. முதலாவதில்தான் கிழக்கும் மேற்கும் வேறுபடுகின்றன. இரண்டாவதற்கு இரண்டு மரபுகளின் விடையும் ஒன்றே: கூடாது. குருக்களுக்குத் திருமணத்தை அனுமதிக்கவேண்டும் என்று பேசுவோர் பெரும்பாலும் முதலாவதைக் கேட்பதாக எண்ணிக்கொண்டு இரண்டாவதைக் கேட்டுவிடுகின்றனர்.

இனி நிலபுலன் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் புலனடக்க விதிகள் ஏட்டளவில் நின்றன. நாட்டுப்புறக் குருக்கள் பலரும் குடும்பத்தோடு வாழ்ந்தனர். பங்கும் அதன் நிலமும் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும் அபாயம் உண்மையானது. 1022இல் பாவியா நகரில் திருத்தந்தை எட்டாம் பெனடிக்ட் கூட்டிய சங்கம், திருச்சபைக்கு அடிமைப்பட்ட குலத்துக் குருக்களுக்குப் பிறந்த பிள்ளைகள், தாய் சுதந்திரப் பெண்ணாக இருந்தாலும், திருச்சபையின் அடிமைகளே என்று விதித்தது. சொத்துக் கவலை அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. அதன் பின் 1074இல் ஏழாம் கிரகோரி, மனைவியோடு வாழும் குருக்கள் பலி நிறைவேற்றக் கூடாது என்று உறுதியாக நின்றபோது குருக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. பிரான்சின் ரூவான் நகரப் பேராயர் அதற்கு முன்பே இதே காரணத்துக்காகத் தம் குருக்களாலேயே கல்லெறிபட்டிருந்தார். இறுதியாக 1139இல் இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம், திருநிலைப்பட்டவர் செய்யும் திருமணம் முறைகேடானது மட்டுமன்று, செல்லாதது என்றே அறிவித்தது.

ஆக, 1139இல் மணத்துறவு ‘கண்டுபிடிக்கப்பட’வில்லை; எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வந்ததற்கு அன்று சட்டத்தின் பல் முளைத்தது. சொத்து அந்தக் காலகட்டத்துச் சீர்திருத்தத்துக்கு ஓர் உந்துதல். மணத்துறவின் தோற்றுவாய் அன்று. எல்விரா விதியின் காலத்தில் காப்பாற்றுவதற்குத் திருச்சபையிடம் பெருநிலங்களே இருக்கவில்லை.

அந்தச் சீர்திருத்தத்தைப் போற்றி எழுதும் நூல்கள் பலவும் தாண்டிச் சென்றுவிடும் ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. 1089இல் திருத்தந்தை இரண்டாம் உர்பான் மெல்ஃபி நகரில் கூட்டிய சங்கம், மனைவியை விட மறுக்கும் உபதிருத்தொண்டர்களின் (திருத்தொண்டருக்கு அடுத்த கீழ்நிலைப் பணியாளர்கள்) மனைவியரை ஆட்சியாளர்கள் அடிமைகளாக்கிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. நேற்றுவரை ஊரறிய இல்லத்தரசியாக இருந்தவள், தான் எந்தக் குற்றமும் செய்யாமலே, ஒரு சங்கத்தின் ஒற்றை வரியால் அடிமையாகிறாள். அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை, அவர்கள் எழுதிய மடல்களும் இல்லை. விண்ணரசுக்காக ஒருவர் மனமுவந்து தரும் கொடையைச் சட்டமாக்கித் திணித்தபோது, அதற்கான விலையை இன்னொருத்தி கொடுத்தாள். மணத்துறவை உயர்வாக மதிக்கிறவன் என்பதால்தான் இது என்னை அதிகம் உறுத்துகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர், முன்னாள் துறவியான கத்தரீனாவை 1525இல் மணந்தார். சீர்திருத்தச் சபைகள் மணமான போதகர்களை ஏற்றன. கத்தோலிக்க ஆட்சியாளர்களிலேயே பேரரசர் முதலாம் பெர்டினாண்டு போன்றோர் சலுகை கேட்டனர். திரெந்து பொதுச்சங்கம் 1563இல் பழைய நிலையையே உறுதிசெய்தது. அதைவிட நீண்ட விளைவைத் தந்தது அதே ஆண்டு அது பிறப்பித்த குருமட ஆணை: இளைஞர்களைச் சிறுவயதிலிருந்தே பயிற்றுவித்து, மணத்துறவைத் தெரிந்து ஏற்கும்படி உருவாக்கும் அமைப்பு அதிலிருந்துதான் வளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பேச்சின் தொனியே மாறுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட குருக்களின் பணியும் வாழ்வும் பற்றிய ஏடு, மணத்துறவு குருத்துவத்தின் இயல்பிலேயே அடங்கிய கட்டாயம் அன்று என்று தெளிவாகச் சொல்கிறது; தொடக்கத் திருச்சபையையும் கிழக்கின் மணமான குருக்களையும் சான்றாகக் காட்டுகிறது; அதன் பின்னரே, பல வகையில் அது குருத்துவத்துக்குப் பொருந்துகிறது என்று விளக்குகிறது. 1967இல் ஆறாம் பவுல் இதற்கென்றே ஒரு சுற்றுமடல் எழுதினார். அதில் எதிர்ப்புகளை முதலில் வரிசையாக எடுத்துரைத்து, அதன் பின்பே விடை சொல்கிறார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 277ஆவது சட்டம் இதைச் சுருக்கித் தருகிறது: விண்ணரசின் பொருட்டு முழுமையான, நிரந்தரமான புலனடக்கம், அது கடவுளின் தனிக்கொடை, அதனால் குருக்கள் பிளவுபடாத இதயத்தோடு கிறிஸ்துவைப் பற்றிக்கொள்ளவும், கடவுளுக்கும் மனிதருக்கும் இன்னும் தாராளமாகப் பணிசெய்யவும் இயலும். தீட்டு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

இப்போது பொருளுக்கு வருவோம். மூன்று இழைகள் இதில் பின்னிக் கிடக்கின்றன. இயேசு மணமின்றி வாழ்ந்தார். அவர் பெயரால் மக்கள்முன் நிற்பவர் அவர் வாழ்ந்த விதத்தையும் தம்மேல் ஏற்கிறார் என்பது ஓர் இழை. கிறிஸ்து திருச்சபையைத் தம் மணமகளாக அன்பு செய்து தம்மையே கையளித்தார் என்று எபேசியருக்கான திருமுகம் சொல்வதால், குருவின் அன்பும் ஒரு குடும்பத்தில் நின்றுவிடாமல் ஒரு சமூகம் முழுவதற்கும் கையளிக்கப்படுகிறது என்பது இன்னொன்று. மூன்றாவதே எனக்கு ஆழமானதாகப் படுகிறது. உயிர்த்தெழுந்தோர் மணம் செய்வதுமில்லை, மணம் செய்து கொடுக்கப்படுவதுமில்லை என்று இயேசு லூக்கா நற்செய்தியில் சொல்கிறார். சாவுக்கு அப்பால் ஒரு வாழ்வு உண்டு என்று வாயால் சொல்வது எளிது. ஆனால் அது இல்லையென்றால் தன் வாழ்க்கையே பொருளற்றுப்போகும் என்னும்படி ஒருவர் வாழ்ந்து காட்டுவது வேறு. மணத்துறவு அத்தகைய ஒரு பந்தயம். மறுமை இல்லையென்றால் குரு இழந்தது மீளாத இழப்பு. அந்த வெற்றிடம்தான் அவர் தரும் சான்று. அதனால்தான், துறக்கப்படுவது நல்லது என்று ஒப்புக்கொண்டால் மட்டுமே இந்தத் துறவுக்கு மதிப்பு உண்டு. இல்லறத்தை இழிவாகக் கருதும் ஒருவர் அதைத் துறந்தால் அவர் கடவுளுக்கு எதையும் கொடுக்கவில்லை. தமக்கு வேண்டாததைத் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

திருநிலைப்பாட்டு வழிபாட்டில் இதைக் கண்ணாரக் காணலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் பீடத்தின்முன் தரையில் முகம் குப்புற நீட்டிக் கிடக்கிறார்; மக்கள் மண்டியிட்டுப் புனிதர்களின் மன்றாட்டுமாலையைப் பாடுகின்றனர்; அத்தனை நேரமும் அவர் அசைவதில்லை. பின்னர் எழுந்து, ஆயரின் கைகள் தம் தலைமேல் அமைதியாக வைக்கப்படுவதற்காக மண்டியிடுகிறார். அந்தக் கிடைநிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அருகில் அமர்ந்திருக்கும் அவருடைய தாயின் முகத்தின்மேல் கண் போகும். மகனைக் கொடுக்கிறாள், பிறக்கப்போகாத பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக் கொடுக்கிறாள்.

இந்த வாழ்வின் எடை அந்த நாளில் தெரிவதில்லை. நான் நன்கறிந்த முதிய குரு ஒருவர், நோயில்பூசுதலுக்கான எண்ணெயை மரை தேய்ந்துபோன சிறு உலோகச் சிமிழில் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். நள்ளிரவில் அழைப்பு வந்தால் எழுந்து போவதில் தமக்குச் சிரமமே இல்லை என்பார். திரும்பி வருவதுதான் கடினமாம். இறந்துபோன குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, அதன் தாயைத் தேற்றிவிட்டு, இரண்டு மணிக்குத் தம் அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டால், ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. ‘அந்த நேரத்தில்தான் என் செபம் உண்மையாகவே செபமாகிறது’ என்று அவர் சொன்னார். அந்தத் தனிமை தம்மை ஆண்டவரிடம் கொண்டுசேர்த்தது என்றார். தம்மோடு பயின்ற சிலரை அதே தனிமை குடியிலும் கசப்பிலும் கொண்டுவிட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னார். நட்பும் செபமும் சக குருக்களின் உறவும் இல்லாத இடத்தில் மணத்துறவு, அன்பின் விரிவாக இல்லாமல் அன்பின் வறட்சியாக மாறிவிடும். எனவேதான் குருமடப் பயிற்சியில் உணர்வு முதிர்ச்சிக்கு முதன்மை தரவேண்டும் என்று 1992இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதினார்.

சிறார்மீது குருக்கள் இழைத்த பாலியல் கொடுமைகளுக்கு மணத்துறவுதான் காரணமா என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. அமெரிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டு ஜான் ஜே குற்றவியல் கல்லூரி 2011இல் வெளியிட்ட ஆய்வு, மணத்துறவு அக்கொடுமைகளுக்குக் காரணம் அன்று என்றது. ஆஸ்திரேலியாவின் அரசு விசாரணை ஆணையம் 2017இல், அது நேரடிக் காரணம் அன்று என்றாலும் பிற காரணிகளோடு சேரும்போது ஆபத்தைக் கூட்டியது என்று முடிவுசெய்து, மறைமாவட்டக் குருக்களுக்கு அதை விருப்பத்துக்கு விடுவது பற்றிச் சிந்திக்குமாறு பரிந்துரைத்தது. மணமானவர்களும் இக்குற்றத்தைச் செய்கின்றனர் என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுவது நேர்மையாகாது. முதிர்ச்சியற்றவர் ஒளிந்துகொள்ளும் மறைவிடமாகவும் மணத்துறவு பயன்பட்டிருக்கிறது, மேலிடத்தின் மௌனம் அந்த மறைவிடத்துக்குக் கதவு போட்டிருக்கிறது.

இன்றைய நிலையைச் சொல்லி மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். மணமான கத்தோலிக்கக் குருக்கள் இன்றும் இருக்கின்றனர். உரோமையோடு ஒன்றித்த கீழைத் திருச்சபைகள் பலவற்றில், உக்ரைனிய கிரேக்கக் கத்தோலிக்கர், மெல்கித்தர், மரோனித்தர் முதலியோரிடத்தில், மணமானவர் குருவாவது வழக்கம். 1990இல் வெளியான கீழைத் திருச்சபைகளின் சட்டத் தொகுப்பு மணத்துறவைப் போற்றிவிட்டு, மணமான குருக்களையும் மாண்போடு மதிக்கவேண்டும் என்கிறது. ஆனால் இம்மரபை இலத்தீன் (மேற்கத்திய) ஆயர்கள் எப்போதும் மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. மனைவியை இழந்தவரான அலெக்சிசு தோத் என்ற கிரேக்கக் கத்தோலிக்கக் குரு 1889இல் அமெரிக்காவின் மினியாபொலிசுக்குப் பணிசெய்ய வந்தபோது, அப்பகுதிப் பேராயர் ஜான் அயர்லாந்து அவரை ஏற்க மறுத்தார். 1891இல் தோத் தம் பங்கு மக்களோடு உருசிய மரபுவழிச் (ஆர்த்தடாக்ஸ்) சபையில் சேர்ந்தார்; அவரைப் பின்தொடர்ந்து பல பங்குகள் போயின. ஒழுங்குமுறை ஒன்றைக் கோட்பாடுபோல் நடத்தியதால் திருச்சபை பெற்ற காயம் அது. கீழை மரபின் மணமான குருக்கள் தங்கள் தாயகத்துக்கு வெளியே பணிசெய்ய இருந்த தடையைத் திருத்தந்தை பிரான்சிசு 2014இல்தான் நீக்கினார். இலத்தீன் முறையிலேயும் விலக்குகள் உண்டு: ஆங்கிலிக்கச் சபையிலிருந்து வந்த மணமான பணியாளர்கள் குருக்களாவதற்கு 1980இல் அமெரிக்காவிலும், 2009இல் பதினாறாம் பெனடிக்ட் ஆணையால் இன்னும் விரிவாகவும் வழி திறக்கப்பட்டது. 35 வயது நிறைந்த மணமான ஆண்கள், மனைவியின் இசைவோடு, நிரந்தரத் திருத்தொண்டர் ஆகலாம். ஆனால் அந்த மனைவி இறந்துவிட்டால், திருத்தந்தையின் விலக்கின்றி அவர் மறுமணம் செய்ய இயலாது.

எடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வியைத் திருச்சபையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது. 1971இல் கூடிய ஆயர்கள் மாமன்றத்தில், தேவைப்படும் இடங்களில் முதிர்ந்த மணமான ஆண்களைக் குருக்களாக்குவது பற்றிய வாக்கெடுப்பில் அதை விரும்பாத முன்மொழிவு 107 வாக்கும் விரும்பிய முன்மொழிவு 87 வாக்கும் பெற்றன. 2019 அக்டோபரில் அமேசான் மாமன்றம், திருப்பலியின்றிப் பல மாதங்கள், ஆண்டுக்கணக்கில்கூட, காத்திருக்கும் தொலைதூரக் குடியிருப்புகளுக்காக, மணமான நிரந்தரத் திருத்தொண்டர்களைக் குருக்களாக்கலாம் என்று 128க்கு 41 என்ற வாக்கில் பரிந்துரைத்தது. 2020 பிப்ரவரியில் வெளிவந்த பிரான்சிசின் ஏடு அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அதைப் பற்றிப் பேசவே இல்லை.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். நற்கருணை இன்றி ஒரு சமூகம் ஆண்டு முழுவதும் வாடும்போது, அதன் பசியைவிட ஓர் ஒழுங்குமுறை பெரிதாகிவிடக் கூடாது. அத்தகைய இடங்களில் மணமான, சான்றோரான ஆண்களைத் திருநிலைப்படுத்துவது மரபுக்கு முரண் ஆகாது, மிகப் பழைய மரபுக்குத் திரும்புவதே ஆகும். ஆனால் அதனால் எல்லாச் சிக்கலும் தீரும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. மணமான போதகர்களைக் கொண்ட சபைகளும் ஆள் பற்றாக்குறையால் வருந்துகின்றன. நாளையே சட்டம் தளர்ந்தாலும், கிழக்கும் மேற்கும் ஒருசேரக் காத்துவந்த விதியின்படி, ஏற்கெனவே குருவாக இருப்பவர் அதனால் மணமுடிக்க முடியாது. இனி வரப்போகும் மணமான ஆண்களுக்கே அந்தக் கதவு திறக்கும். அப்போதும் திருத்தொண்டர் பட்டத்தின் நாளில், மணமாகாமல் வந்து நிற்கும் இளைஞரிடம் ஆயர் அதே கேள்வியைக் கேட்பார்: விண்ணரசின் பொருட்டும் கடவுளுக்கும் மனிதருக்கும் செய்யும் பணியின் பொருட்டும் இந்த வாக்கை வாழ்நாள் முழுவதும் காக்க உறுதி கொள்கிறாயா? அந்த இளைஞர் அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.